வேஷம் போட்டவருக்கா வீரவணக்கம்?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில் ஏப்ரல் 25 அன்று ஒரு பிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘வீரவணக்கம்’. கீழே மேஜர் முகுந்த் வரதராஜன் என்ற பெயர். நடுவில், ராணுவ உடுப்பில், ஆளுயரத்துக்குச் சிவகார்த்திகேயன். முகுந்தின் முகம் எங்கேயும் இல்லை. பேனர் வைத்த பிள்ளைகள் நாலு பேரின் முகங்கள் மட்டும் கீழே வரிசையாக, கூலிங் கிளாஸோடு இருந்தன. கயிறு கட்டிக்கொண்டிருந்த பையனிடம், “தம்பி, இவர் நடிகர்ப்பா. செத்தவர் வேற ஆள்” என்றேன். “தெரியும்ணா. இந்த ஃபோட்டோ போட்டாத்தான் ஜனத்துக்கு யாருன்னு தெரியும்” என்றான்.

அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவன் சொன்னது உண்மை என்பதுதான் வயிற்றெரிச்சல். சாவு ஒருவருடையது, மாலை இன்னொருவருக்கு. உயிரோடு நன்றாக இருக்கிற ஒரு நடிகருக்கு நினைவுநாள் பேனர் வைக்கிறோம், யாருக்கும் உறைக்கவில்லை. திரைக்கு வந்தால்தான் வீரம் முழுமையாகும், அதை நடித்துக் காட்டியவரும் வீரரே என்ற நம்பிக்கை நம் ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது.

முகுந்தின் கதையைச் சொல்லும் ‘அமரன்’ 2024 தீபாவளிக்கு வந்தது. படத்தின் மேல் எனக்கு வழக்கில்லை. சிவகார்த்திகேயன் உழைத்து நடித்திருக்கிறார். ஆனால் முகுந்த் சுடப்பட்டது 2014 ஏப்ரல் 25 அன்று, காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில். தாம்பரத்து கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த பிள்ளை, 31 வயது. 2015 குடியரசு தினத்தில், ஒபாமா விருந்தினராக உட்கார்ந்திருந்த மேடைக்கு முன்னால், அவர் மனைவி அசோக சக்ரா விருதை வாங்கினார். அன்றே நாட்டுக்கே தெரிந்த முகம் முகுந்தினுடையது. இடையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. நம் பேட்டையில் அந்த முகத்தை அன்று யார் பேனரில் போட்டார்கள்? அதே சண்டையில் அவரோடு செத்த சிப்பாய் விக்ரம் சிங்கின் பெயரை இன்றைக்காவது யாராவது சொல்கிறார்களா? படத்தில்கூட அவர் வருகிறார். நம் வாயில் வரவில்லை.

இந்தப் பேச்சை எடுத்தால் ஒருத்தர் எழுந்து, “நிஜமான வீரனே நடிகனானா என்ன சொல்வீங்க?” என்பார். அப்படி ஒருவர் இருந்தார்: அமெரிக்காவின் ஆடி மர்ஃபி. டெக்சாஸில் பருத்தி பொறுக்கிய ஏழைக் குடியானவன் பிள்ளை. எடை போதாதென்று முதலில் தட்டிக்கழிக்கப்பட்ட சின்ன உருவம். 1945 ஜனவரி 26 அன்று, பிரான்சின் ஹோல்ட்ஸ்வீர் கிராமத்துக்குப் பக்கத்தில், தன் ஆட்களைப் பின்வாங்கச் சொல்லிவிட்டு, எரிந்துகொண்டிருந்த ராணுவ வண்டியின் மேல் ஏறி நின்று, அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஜெர்மானியரைத் தனியாளாகத் தடுத்தார். காலில் காயம். நாட்டின் மிக உயர்ந்த பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. பிறகு ஹாலிவுட். 1955-இல் அவர் கதையையே ‘டு ஹெல் அண்ட் பேக்’ என்று எடுத்தபோது, தன் வேடத்துக்கு வேறொரு நடிகரைப் போடச் சொன்னார் அந்த மனிதர். அவர்கள் விடவில்லை. செத்துப்போன நண்பர்களின் சாவை விளக்கு வெளிச்சத்தில் மறுபடி நடித்துக் காட்டினார். படம் வசூலில் கொழித்தது.

மர்ஃபிக்கு என்ன கிடைத்தது? தூக்கம் போனது. தலையணைக்கு அடியில் குண்டு போட்ட துப்பாக்கியோடு படுத்தார். தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, கடைசியில் ஒரு விடுதி அறையில் தன்னையே பூட்டிக்கொண்டு அதைக் கைவிட்டார். போரிலிருந்து திரும்புகிற சிப்பாய்களின் மனக்காயத்துக்கு அரசு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். கைதட்டிய கூட்டத்தில் எத்தனை பேர் அந்தப் பேச்சைக் கேட்டார்கள்? 1971-இல் விமான விபத்தில் செத்தார். ஆர்லிங்டன் இடுகாட்டில் அவர் கல்லறைக்குத் தங்க எழுத்து கிடையாது. வேண்டாம் என்று சொன்னவர் அவரே. பதக்கமும் திரையும் இரண்டும் பெற்ற ஒருவர் திரையை இப்படிப் பார்த்திருக்கிறார். வேஷம் மட்டும் போட்டவரை நாம் வீரர் என்கிறோம்.

நம் ஊரில் இந்த வியாதி பழசு. ‘மேஜர் சந்திரகாந்த்’தில் நடித்த சுந்தர்ராஜன் ஆயுள் முழுக்க மேஜர். ‘கேப்டன் பிரபாகரன்’ 1991-இல் வந்தது. அதில் விஜயகாந்த் வன அதிகாரி, ராணுவ கேப்டன்கூட இல்லை. ஆனாலும் வடசென்னைக்கு அவர்தான் கேப்டன். பசித்தவனுக்குச் சோறு போட்ட மனிதர் அவர்; அந்தச் சோற்றுக்காக ஆயிரம் முறை கும்பிடலாம், உடுப்புக்காக எதற்கு? கேரள நடிகர் மோகன்லாலுக்கு 2009-இல் பிராந்திய ராணுவத்தின் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவியே கொடுத்தார்கள். அரசாங்கமே இதற்கு உடந்தை.

சாலிகிராமத்தில், சினிமாக்காரர்கள் வாழும் அந்த ஆற்காடு சாலையில், பரமேஸ்வரன் விஹார் என்ற ராணுவக் குடியிருப்பு இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரிய மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழர். பரம வீர சக்ரா பெற்றவர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் செத்தார். இந்திய அமைதிப்படை ஈழத்தில் நடத்திய அந்தப் போர் நமக்குப் பெரிய காயம். அதனால் அவரைப் பற்றிப் பேசவே சங்கடப்படுகிறோம். சங்கடம் தராத வீரனைத்தான் சினிமா தேடும். யாரை நினைக்கலாம், யாரை மறக்கலாம் என்பதை டிக்கெட் கவுண்டரிடம் விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

வீரம் வேண்டுமென்றால் எண்ணூருக்குப் போங்கள். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்தபோது, மீனவர்கள் படகில் நின்று அதை வெறுங்கையால், மக்கால், வாளியால் அள்ளினார்கள். முட்டி வரைக்கும் கறுப்பு. வலை போச்சு, படகு போச்சு, தோல் எரிந்தது. அவர்களுக்கு எந்த பேனர் வந்தது? நிவாரணத்துக்குக்கூட அவர்கள்தான் ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது. ஒரு நடிகர் படத்தில் எண்ணெயில் இறங்கி நடித்தால்தான் நம் ஜனத்துக்கு அது தெரியுமோ என்று பயமாக இருக்கிறது.

படம் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாருங்கள், அழுங்கள். ஆனால் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாள். அன்று திரட்டுகிற பணம் போரில் மாண்டவர்களின் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் போகிறது. உண்டியல் வந்தால் நம்மில் பாதிப் பேர் அன்று சில்லறை தேடுகிறோம். வருகிற டிசம்பரில் முதல் நாள் முதல் காட்சிக்குக் கொடுக்கிற டிக்கெட் காசை அந்த உண்டியலில் போடுங்கள்.