முத்திரைத்தாளில் பிறக்கும் பிள்ளைகள்

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்து ஞாயிறு ஒன்றில், இரண்டாம் திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றிருந்தேன். ஓர் இளம் தம்பதியர் என்னிடம் வந்தனர். மனைவியின் தோளில் மூன்று மாதக் குழந்தை. கணவர் ஒரு நெகிழி உறையிலிருந்து இருபது ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். 'தத்துப் பத்திரம்' என்று தலைப்பிட்டு, நோட்டரி வழக்கறிஞர் ஒருவர் முத்திரை பதித்து ஒப்பமிட்டிருந்தார். பெற்ற தாயின் இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை. பக்கத்தில் முகவரி இல்லாத ஒரு பெயர்.

"இதை வச்சுத் திருமுழுக்குப் பதிவேட்டுல எங்க பேரை எழுதலாமான்னு உங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க சாமி."

எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. மனைவியின் கழுத்தில் தாலிச் சங்கிலி இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது.

அந்தத் தாள், குழந்தையைச் சுற்றியிருந்த துணியின் மதிப்புக்கூடப் பெறாது என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "அப்ப இது எங்க பிள்ளை இல்லையா, ஐயா?" என்றாள் அந்தப் பெண். அந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரையை எழுதவைக்கிறது.

முப்பத்தோராண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இத்தகைய தாள்களை என் கையாலேயே தட்டச்சு செய்திருக்கிறேன். ஆகவே இதைப் பேசும் தகுதி எனக்கு இல்லை என்று யாரேனும் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் செய்தவனுக்குத்தான் தெரியும், எந்த எழுத்தில் பொய் ஒளிந்திருக்கிறது என்று.

ஒரு காலத்தில் நமக்கு வேறு வழி இருக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் இந்துக்களுக்கும் பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் உரியது. கிறிஸ்தவருக்கு அதில் இடமில்லை. நமக்கு விடப்பட்டது 1890இல் ஆங்கிலேயர் இயற்றிய காப்பாளர் சட்டம் ஒன்றே. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, குழந்தைக்குக் 'காப்பாளர்' ஆகலாம். தந்தையாகவோ தாயாகவோ ஆக முடியாது. பிள்ளைக்கு வயது வந்ததும் அந்த உறவும் சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். எல்லா மதத்தினருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா ஒன்று 1972இல் நாடாளுமன்றத்திற்கு வந்து, 1978இல் திரும்பப் பெறப்பட்டது. 1980இல் மீண்டும் ஒரு மசோதா வந்தது; அதுவும் சட்டமாகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆசிரியத் தம்பதியருக்காக அத்தகைய காப்பாளர் மனு ஒன்றை நான் தட்டச்சு செய்தேன். ஆணை கிடைத்த அன்று எங்கள் அலுவலகத்திற்கே இனிப்பு வந்தது. பெண் வளர்ந்தாள், புதுநன்மை வாங்கினாள், கல்லூரிக்குப் போனாள். தந்தை உயில் எழுதாமல் திடீரென்று காலமானார். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளையில்லாத கிறிஸ்தவர் உயிலின்றி இறந்தால் மனைவிக்குச் சொத்தில் பாதி, மறுபாதி இறந்தவரின் உறவினருக்கு. அவருடைய தம்பிமார் இருவரும் மறுபாதியைக் கேட்டு வந்தனர். சாட்சிக் கூண்டில் நின்ற பெண்ணைப் பார்த்து, "நீர் இறந்தவருக்கு என்ன உறவு?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். "மகள்" என்றாள். ஆவணம் கேட்டார். அவள் நீட்டியது நான் தட்டச்சு செய்த மனுவின் மேல் பிறந்த ஆணை. அதில் 'மகள்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வீடு விற்கப்பட்டது. தம்பிமார் இருவரும் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நிலை இன்று இல்லை. நான் கோபத்தோடு எழுதுவது அதனால்தான். கேரள உயர் நீதிமன்றம் 1999இலேயே கிறிஸ்தவத் தம்பதியர் தத்தெடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் மதத்தைக் கேட்காமல் கதவைத் திறந்தது. 2006இல் செய்த திருத்தம் அதை அகலமாக்கியது. ஷப்னம் ஹாஷ்மி என்ற சமூகப் பணியாளர் 2005இல் தொடுத்த வழக்கில், தமிழரான தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, எந்த மதத்தவரும் இச்சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014 பிப்ரவரியில் ஐயமறச் சொன்னது. தான் வளர்த்த மகளுக்குத் தாய் என்ற பெயர் வேண்டும் என்று ஒரு முஸ்லிம் பெண்மணி ஒன்பதாண்டுகள் காத்திருந்து பெற்ற தெளிவில் நமக்கும் பங்குண்டு. இப்போது நடைமுறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, தத்துப் பிள்ளை அந்தப் பெற்றோருக்கே பிறந்த பிள்ளைபோல எல்லாவற்றுக்கும், உயிலில்லாத சொத்துரிமைக்கும்கூட, உரியது என்கிறது. அந்த ஒரு வரி முன்பே இருந்திருந்தால், சாட்சிக் கூண்டில் நின்ற பெண் தலைகுனிந்திருக்கமாட்டாள்.

இன்னொன்றும் கேளுங்கள். 2022 செப்டம்பர் முதல் நாளிலிருந்து தத்தெடுப்பு ஆணையை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர், நீதிமன்றம் அன்று. மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். முறை வரும்போது ஒரு குழந்தையின் விவரம் வரும். 48 மணி நேரத்துக்குள் இசைவு தெரிவிக்கவேண்டும். பின்னர் ஆட்சியருக்கான விண்ணப்பத்தைத் தத்தெடுப்பு நிறுவனமே தாக்கல் செய்கிறது. கட்டணம் அரசு வரையறுத்தது, ரசீது உண்டு. கணினி தெரியாதவர் தம் மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்குப் போய்க் கேட்கலாம். இந்த வழி நெடுகிலும் வழக்கறிஞருக்கு வேலை இல்லை. பின் எதற்காக நம்மவர் முதலில் வழக்கறிஞரைத் தேடுகின்றனர்?

சட்டம் தெரியாததால் என்பது பாதி உண்மை. மறுபாதி கசப்பானது. நமக்குக் குழந்தை மட்டும் போதவில்லை. நாம் விரும்புகிற குழந்தை வேண்டும். பிறந்து பத்து நாளுக்குள் வேண்டும், வெளுத்த நிறமாக வேண்டும், 'நம்ம ஆளுங்க' குழந்தையாக வேண்டும், ஊருக்குத் தெரியாமல் வேண்டும். இந்த நான்கையும் அரசாங்க வரிசை தராது, இடைத்தரகர் தருவார். 2019 ஏப்ரலில் இராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் கைதானபோது வெளிவந்த ஒலிப்பதிவு நினைவிருக்கும். ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்கும் எடைக்கும் ஏற்ப ஏற்ற இறக்கம், நகராட்சிப் பிறப்புச் சான்றிதழுக்குத் தனித்தொகை. மாட்டுச் சந்தையில்கூடத் துண்டுக்கடியில் கைவிட்டுத்தான் விலை பேசுவார்கள். 2021இல் மதுரையில் ஒரு காப்பகத்துக் குழந்தை கொரோனாவில் இறந்ததாகப் போலி ஆவணம் காட்டி விற்கப்பட்டதும் செய்தியாக வந்தது. வாங்கியவர்கள் எல்லாரும் கொடியவர்களா? அல்லர். ஏங்கியவர்கள். ஆனால் அந்த ஏக்கத்தை நம்பித்தான் சந்தை நடக்கிறது.

முத்திரைத்தாள் வழக்கறிஞர் விற்பது தத்து அன்று, நிம்மதி. அந்தத் தாள் கிறிஸ்தவருக்குச் செல்லாது; 1956ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குப் பொருந்தாதே! பொருந்துகிற இந்துக்களுக்கும் அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு பணம் கைமாறுவதைத் தடுக்கிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டமோ முறைமீறிக் குழந்தையைக் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் மூன்றாண்டுவரை சிறையோ, ஓர் இலட்சம் அபராதமோ, இரண்டுமோ என்கிறது. விலைக்கு வாங்கியிருந்தால் ஐந்தாண்டுவரை. நோட்டரி முத்திரையால் எந்தக் குழந்தையும் யாருக்கும் பிள்ளையாகிவிடுவதில்லை. இதை அறியாத வழக்கறிஞர் இருந்தால் அவர் கறுப்பு அங்கியைக் கழற்றிவைக்கட்டும். அறிந்தே எழுதுகிறவரைப் பற்றி எழுதினால் ஆசிரியர் அச்சிடமாட்டார்.

பெருவிரல் ரேகை வைத்த அந்தத் தாயை நாம் மறந்துவிடுகிறோம். சட்டவழியில் அவள் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து ஒப்படைக்கவேண்டும். ஒப்படைத்த பின்னும் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெற அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. பேற்றுவலியின் களைப்பிலும், வறுமையின் நெருக்கடியிலும், ஏமாற்றிச் சென்றவன் தந்த அவமானத்திலும் எடுத்த முடிவைப் பற்றி அமைதியாக எண்ணிப்பார்க்க அறுபது நாள்! மருத்துவமனைப் பின்வாசலில் அவளுக்கு அறுபது நிமிடமும் கிடைப்பதில்லை. பால் கட்டிய மார்போடு பேருந்தேறும் அவளுக்கு, பேசிய தொகையில் எத்தனை பங்கு வருகிறது என்று இடைத்தரகரைக் கேட்டுப் பாருங்கள்.

"சட்டவழியில் ஆண்டுக்கணக்காகிறதே" என்பார்கள். உண்மை, மறைக்கவேண்டியதில்லை. நாடு முழுவதும் ஆண்டொன்றுக்குத் தத்துப் போகும் குழந்தைகள் ஏறத்தாழ நாலாயிரம். காத்திருப்போர் அதனினும் பன்மடங்கு. இதில் அரசுக்கும் குற்றமுண்டு. கைவிடப்பட்ட இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்துக்குரியதென்று இரண்டு மாதத்திலும், மூத்த குழந்தையை நான்கு மாதத்திலும் அறிவிக்கச் சட்டம் காலக்கெடு விதித்திருக்க, கோப்புகள் உறங்குவதால் இல்லங்களிலேயே வளர்ந்து பெரியவராகும் பிள்ளைகள் உண்டு. ஆனால் வரிசை நீண்டிருப்பது கைக்குழந்தைக்குத்தான். ஆறு வயதுச் சிறுவனுக்கும், அக்காளும் தம்பியுமாகப் பிரிக்கமுடியாத இருவருக்கும், காது கேளாத சிறுமிக்கும் காத்திருப்போர் மிகக் குறைவு. அவர்கள்தாம் காத்திருக்கிறார்கள்.

"சிஸ்டரிடம் கேட்டால் ஒரு குழந்தை தரமாட்டார்களா?" என்று கன்னியர் மடத்துக் கதவைத் தட்டுவோரும் உண்டு. தரமாட்டார்கள், தரவும் கூடாது. அன்னை தெரேசா நிறுவிய சபை 2015இல் புதிய விதிகளோடு உடன்படாமல் தத்துப் பணியிலிருந்தே விலகிக்கொண்டது. அது சரியா தவறா என்பது வேறு பேச்சு. பின்வாசல் ஒன்றை அவர்கள் திறந்துவைக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

அண்ணன் பிள்ளையையோ அக்காள் பிள்ளையையோ எடுத்து வளர்ப்போர் நம்மிடையே மிகுதி. அவர்களுக்கும் இதே சட்டத்தில் வழியுண்டு. பெற்றோர் சம்மதமும், குழந்தைக்கு ஐந்து வயது நிரம்பியிருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். 'நம் குடும்பத்துக்குள் எதற்குக் காகிதம்' என்போர் மேலே சொன்ன தம்பிமாரை நினைத்துக்கொள்ளட்டும்.

நம் பங்குகளும் ஒன்று செய்யலாம். நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவரையே தத்தெடுத்தவரின் பிள்ளைகளாகக் கருதுகிறது திருச்சபைச் சட்டம் 110. பதிவேட்டில் தத்துப் பெற்றோரின் பெயரை எழுத 877ஆம் சட்டம் இடந்தருகிறது. ஆட்சியரின் ஆணையைக் கேட்டு வாங்கிய பின் எழுதினால் என்ன? கேட்பது இரக்கமின்மை என்பார்கள். குழந்தைக்குப் பெயரிட்டுத் தந்தைப் பொறுப்பை ஊரறிய ஏற்ற யோசேப்புதான், பேரரசின் கணக்கெடுப்பில் பெயர் பதிய நிறைமாத மரியாவோடு பெத்லகேமுக்கு நடந்தார். பதிவேட்டுக்கு அஞ்சி அவர் ஒளியவில்லை.

வழக்கறிஞரைத் தேடவேண்டியவர் சிலர் உண்டு. பழைய காப்பாளர் ஆணையை மட்டுமோ, ஒன்றுமே இல்லாமலோ பிள்ளை வளர்த்து இன்று முதுமையில் இருப்போர். அவர்கள் வளர்த்த பிள்ளைகளுக்கு வயது கடந்துவிட்டது. புதிய சட்டம் அவர்களைச் சேராது. கிறிஸ்தவர் தம் சொத்தை உயிலால் விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு செய்வது கட்டாயமில்லையாயினும் செய்துவிடுவது நல்லது. இந்த வாரமே செல்லுங்கள். நான் வேலைசெய்த காலத்தில் தத்துப் பத்திரம் கேட்டு வந்தவர் பலர். வளர்த்த பிள்ளைக்கு உயில் எழுதவேண்டும் என்று வந்தவரை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்.

அந்த இளம் தம்பதியரிடம் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னேன். "பிள்ளையை வாங்கிக்கிட்டா?" என்று கேட்டார் அவர். வாங்கிக்கொள்ளவும் கூடும் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. உடன் வருகிறேன் என்றும் சொன்னேன். அவள் குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள். அதன்பின் அவர்கள் இரண்டாம் திருப்பலிக்கு வருவதில்லை.