புந்தோங் குடியிருப்பாளர் கோரிக்கைச் சாசனம்

பேராக் மாநில அரசுக்கும், ஈப்போ மாநகர் மன்றத்துக்கும், எங்களிடம் வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சிகளுக்கும்:

தேர்தல் வந்தால் புந்தோங்கைப் பற்றி ஒரே பேச்சுதான். இந்திய வாக்காளர் விகிதம் நாட்டிலேயே மிக அதிகமான சட்டமன்றத் தொகுதியாம். பெருமைதான், வாக்கு எண்ணி முடித்த மறுநாள் அந்த விகிதத்தை வைத்து என்ன செய்வது? இங்கே அவசரகாலத்தில் எழுந்த சீனப் புதுக்கிராமம் இருக்கிறது. கச்சான் பூத்தே என்னும் கடலை நொறுக்குத்தீனி வறுக்கும் தமிழர் தெருக்கள் இருக்கின்றன. பக்கத்துச் சிலிபினில் லூர்து அன்னை தேவாலயத்தைச் சுற்றித் தமிழ்க் கத்தோலிக்கர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். தைப்பூசத்தில் சுங்கை பாரி சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோவுக்குக் காவடி போகும்போது சீனர் தோளிலும் காவடி உண்டு.

எங்களில் பலர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பெருந்தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலையும் லயமும் ஒன்றாகப் போயின. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர்களே தோட்டம் வாங்கினார்கள். எல்லாத் தோட்டத்தையும் வாங்க முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. 1985இல் ஈய விலை சரிந்ததும் கிந்தாப் பள்ளத்தாக்கில் இருந்த கொஞ்ச நஞ்ச வேலையும் சுருங்கியது. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பெற்றோர் இங்கேயே இருக்கிறார்கள்.

ஆகவே கேட்கிறோம்.

1. எங்களை இனவாரியாக எண்ணியது போதும், வீடுவாரியாக எண்ணுங்கள். எந்த வீட்டில் 60 வயது கடந்தவர் தனியாக இருக்கிறார், யாருக்குப் படியேற முடியாது, யார் மருந்துக்கு யாரை நம்பியிருக்கிறார் என்ற கணக்கு வேண்டும்.

2. அடையாள அட்டை. இதுதான் எங்கள் பழைய புண். மெர்டேக்கா நாள் முதல் 1962 செப்டம்பர் முடிய இந்த மண்ணில் பிறந்தவர் பொதுவாகப் பிறப்பாலேயே குடிமக்கள் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பு. ஆனால் லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதியாமல் விடப்பட்டவர் அதை எதைக் காட்டி நிரூபிப்பார்? நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அட்டையோடு குடியுரிமைக்கு மனுப் போட்டால் மலாய் தெரியுமா என்று சோதிக்கிறார்கள். காலமெல்லாம் பால்மரம் வெட்டிய பாட்டிக்குப் பசாரில் மீன் விலை பேசும் மலாய் சரளமாக வரும். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி உட்கார்ந்தால் தன் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தோட்டத்துச் செக்ரோல் (வருகைப் பதிவேடு), தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு ஆகியவற்றை ஆதாரமாக ஏற்க வேண்டும். 60 வயதைக் கடந்தவர்க்கு மொழிச் சோதனை வேண்டாம். அதிகாரிகள் கோயில் மண்டபத்துக்கு வந்து மனு வாங்க வேண்டும். மாநில அரசுக்கு இதில் அதிகாரம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். கூட்டரசிடம் எழுத்தில் கேட்கும் அதிகாரம் உண்டல்லவா?

3. கச்சான் பூத்தே தொழில் பெரும்பாலும் வீட்டோடு நடப்பது. முன்கூடத்தில் கடலையும் பட்டாணியும் காய்கின்றன, பின்கட்டில் எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறது, இடையில் ஆயா உட்கார்ந்து முறுக்கைப் பொட்டலம் கட்டுகிறார். புகையும் தீப்பயமும் எங்களுக்கும் உண்டு. அதற்காகத் தொழிலைத் தொலைவிலுள்ள தொழிற்பேட்டைக்குத் தள்ளினால் முதலில் வேலையிழப்பவர் அந்த ஆயாதான். நடந்து போகும் தூரத்தில் புகைபோக்கியோடு பொதுப் பட்டறை கட்டிக் குறைந்த வாடகைக்குத் தாருங்கள். அதுவரை உரிமத்தை ரத்து செய்யாதீர்கள்.

4. மேடான் கிட் பேருந்து நிலையத்துக்கும் பொது மருத்துவமனைக்கும் காலை வேளையில் நேரம் தவறாத பேருந்து. நிறுத்தத்தில் கூரையும் நாற்காலியும் வேண்டும்.

5. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள். தோட்டத்தில் பிள்ளைகள் குறைந்துபோன பள்ளியை மூடாமல், தமிழ்க் குடும்பங்கள் பெருகிய வீடமைப்புப் பகுதிக்கு உரிமத்தோடு மாற்றுங்கள். நிலத்தை முதலில் பள்ளியின் பெயருக்கு எழுதிவிட்டு அடிக்கல் நாட்டுங்கள். அடிக்கல்லோடு நின்ற கதை போதும்.

6. முதியோர் நடவடிக்கை மையம் நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒன்று என்பது அரசின் கொள்கை. ஊன்றுகோலோடு போகிறவருக்குத் தொகுதி பெரிது. புந்தோங்குக்குள்ளேயே ஒன்று வேண்டும்.

7. கால்வாய்களுக்கு மூடி.

இவற்றுக்கான பதிலை எந்த வேலைக்கு எந்தத் துறை, எவ்வளவு பணம், எப்போது என்ற விவரத்தோடு தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் எழுதுங்கள். கோப்பிக்கடையிலும் பசாரிலும் கோயில், தேவாலய, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைகளிலும் நாங்களே ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
புந்தோங், சிலிபின் வட்டாரக் குடியிருப்பாளர்கள்