முதலில் மெக்கானிக், அப்புறம் டிராக்டர்

டிராக்டர் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே வரும் கேள்வி, "எத்தனை ஹெச்.பி.?" என்பதுதான். அடுத்தது, "எந்தக் கம்பெனி?". மூன்றாவது, "டீலர் எவ்வளவு குறைக்கிறான்?". என்னைக் கேட்டால் இந்த மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு, "நடு வயலில் நின்னுபோச்சுன்னா எத்தனை மணி நேரத்துல ஆள் வருவான்?" என்று கேட்பேன். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: "வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டப் போறே?"

மொஹாலியில் ஏசி ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் ஒன்பது வருஷமாக பஞ்சாபில் குப்பை கொட்டுகிறேன். டிராக்டர் பேச்சு இல்லாமல் இங்கே ஒரு கல்யாணப் பந்திகூட முடியாது. தவிர, துறையூர்ப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா பையன் டிராக்டர் எடுக்கத் துடிக்கிறான். முன்பணத்தில் பாதி என் கையிலிருந்து போக வேண்டும். மீதிக்கு அடமானம் போகப் போவது தாத்தா காலத்து ஏழு ஏக்கர். ஆகவே எனக்கும் பேச உரிமை இருக்கிறது :-)

தம்பியின் வாதம் இது. "அண்ணே, 55 ஹெச்.பி. எடுத்துட்டா எந்த வேலைக்கும் யோசிக்க வேணாம். ஜி.எஸ்.டி. வேற குறைஞ்சிருச்சு. இப்ப விட்டா எப்ப?" ஜி.எஸ்.டி. விஷயம் உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. டயருக்கும் உதிரி பாகங்களுக்கும் 18-லிருந்து 5. நல்லதுதான். ஆனால் விலை குறைந்தது என்பதற்காக நம்ம நிலம் பெரிதாகிவிடவில்லையே!

ஒரு கணக்கு போடுவோம். டிராக்டர் விலை 8 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து 80 ஆயிரத்துக்குப் போகும் என்றால் தேய்மானம் வருஷத்துக்கு 72 ஆயிரம். சராசரி முதலீட்டுக்கு 10 சதவீத வட்டி போட்டால் 44 ஆயிரம். ஆக, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு 1 லட்சத்து 16 ஆயிரம் செலவு. ஏழு ஏக்கரில் இரண்டு போகத்துக்கும் உழவு, ரோட்டவேட்டர், சேறடிப்பு, டிரெய்லர் வேலை எல்லாம் சேர்த்துத் தாராளமாகப் போட்டாலும் 150 மணி நேரம் தாண்டாது. அப்படியென்றால் மணிக்கு 773 ரூபாய். டீசல் தனி, டிரைவர் தனி, சர்வீஸ் தனி, இன்ஷூரன்ஸ் தனி. இதே வண்டி 1000 மணி நேரம் ஓடினால் மணிக்கு 116 ரூபாய்தான். வேளாண் பொறியியல் கணக்குகளில் டிராக்டருக்கு வருஷம் 1000 மணி நேரம் என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் எத்தனை வண்டி அந்த அளவு ஓடுகிறது?

இங்கே பஞ்சாபில் இந்தக் கணக்கைப் பார்க்காமல் வாங்கியவர்களின் கதையை மோகாவிலும் தல்வண்டி சாபோவிலும் பழைய டிராக்டர் சந்தைகளில் பார்க்கலாம். கடனில் புது வண்டி எடுத்து, சில நாளிலேயே சந்தையில் நஷ்டத்துக்கு விற்று, அந்தக் காசில் மகள் கல்யாணத்தை முடித்தவர்கள் பற்றிப் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கிறது. வண்டி போய்விடும், தவணை நிற்கும். இத்தனைக்கும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் சராசரிப் பண்ணையின் அளவு 3.62 ஹெக்டேர், கிட்டத்தட்ட 9 ஏக்கர். தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஒன்பது ஏக்கர்காரனே விழி பிதுங்குகிறான் என்றால் நாம் எந்த மூலைக்கு?

"அப்ப வாடகைக்கே ஓட்டிக்கணுமா?" என்று தம்பி சண்டைக்கு வந்தான். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. மழை பெய்த மறுநாள் ஊரே டிராக்டர் தேடும். வாடகைக்காரர் ஐந்து நாள் கழித்து வருவார். அதற்குள் ஈரம் காய்ந்துவிடும், மக்காச்சோளம் விதைப்பு தள்ளிப்போகும். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியில் பதிவு செய்யலாம் என்பதெல்லாம் சரி. ஆனால் அந்த வாரம் அங்கேயும் வரிசைதான். சொந்த வண்டிக்கு இருக்கும் ஒரே நல்ல காரணம் இந்த ஈரம்தான். கௌரவம், பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிட்டான் என்பதெல்லாம் எந்தக் கணக்கிலும் சேராது.

ஆகவே நான் சொன்னது: வாங்கு, ஆனால் சுற்றியுள்ள பத்துப் பேருக்கு உழுது கொடுப்பதாக இருந்தால் மட்டும் வாங்கு. யார் யார், எத்தனை ஏக்கர், மணிக்கு என்ன வாடகை என்று முதலில் ஒரு நோட்டில் எழுது. வருஷத்துக்கு 500 மணி நேரமாவது தேறினால் மேலே பேசலாம்.

தேறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது?

ஒன்று, ஹெச்.பி. ஆசையை அடக்க வேண்டும். விளம்பரத்தில் போடுவது என்ஜின் பவர். ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. பவர். அது பத்து பதினைந்து சதவீதம் குறைவாகவே இருக்கும். ஐந்தடி ரோட்டவேட்டருக்கும் கல்டிவேட்டருக்கும் நாற்பது சொச்சம் ஹெச்.பி. தாராளம். இன்னொன்றும் இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு ட்ரெம்-4 மாசு விதி வந்துவிட்டது. அதற்காக அந்த என்ஜின்களில் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு ஏறியிருக்கிறது. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் சென்சார் மக்கர் செய்தால் ஊர் மெக்கானிக்கின் ஸ்பேனர் உதவாது, கம்பெனிக்காரன் கம்ப்யூட்டரோடு வரவேண்டும். கம்ப்யூட்டர்காரனே சொல்கிறேன், நம்புங்கள்!

இரண்டு, டீலர் சொல்வதைவிட சோதனை அறிக்கையைப் பாருங்கள். மத்தியப் பிரதேசம் புத்னியில் இருக்கும் மத்திய அரசு நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பி.டி.ஓ. பவர், டீசல் செலவு, ஹைட்ராலிக் எவ்வளவு எடை தூக்கும் எல்லாம் அதில் இருக்கும். டீலரிடம் கேளுங்கள். முழித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

மூன்று, நெல் வயலில் சேறடிப்பவர்கள் ஆயில் பிரேக் உள்ள வண்டியாகப் பார்க்கலாம். டிரை பிரேக்கில் சேறும் தண்ணீரும் புகுந்தால் ரோதனை. பவர் ஸ்டியரிங் ஆடம்பரம் இல்லை. நாள் முழுக்க ஓட்டுகிறவனின் தோள்பட்டையைக் கேட்டுப் பாருங்கள்.

நான்கு, இதுதான் முக்கியம். நம்பகம் என்பது இரும்பில் மட்டும் இல்லை. நான் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஹரியானாவின் பிஞ்சோர். அங்கேதான் ஹெச்.எம்.டி. டிராக்டர் செய்தார்கள். செக்கோஸ்லோவாகியாவின் ஸீட்டர் தொழில்நுட்பத்தில் 1970-களில் ஆரம்பித்தது. கல்லு மாதிரி வண்டி என்று இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அதன் பிறகு அந்தக் கல்லு மாதிரி வண்டிக்குக் கியர் பாகம் தேடுவது வாங்கியவன் பாடு. இதே மொஹாலியில் 1974-ல் பஞ்சாப் டிராக்டர்ஸ் கொண்டுவந்த ஸ்வராஜ், துர்காப்பூர் அரசு ஆய்வுக்கூடத்தின் சொந்த வடிவமைப்பு. 2007-ல் அது மஹிந்திராவிடம் போனது, பெயரும் பாகங்களும் தொடர்ந்தன. இரண்டுமே நல்ல வண்டிகள். பின்னால் நின்றவர்கள்தான் வேறு.

அதனால் துறையூரில் எந்தப் பட்டறையில் எந்த வண்டி அதிகம் நிற்கிறது, கிளட்ச் பிளேட்டும் ஃபில்டரும் அன்றைக்கே கிடைக்கிறதா, அறுவடை நேரத்தில் கூப்பிட்டால் வருகிறானா என்று நான்கு உழவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். பத்தாயிரம் ரூபாய் தள்ளுபடியைவிடப் பக்கத்துப் பட்டறை பெரிது.

பழைய வண்டி பார்ப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. மணி மீட்டரை நம்பாதீர்கள், மாற்றிவிடலாம். என்ஜின் ஆறியிருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கல்டிவேட்டரைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். அதற்குள் தரைக்கு இறங்கியிருந்தால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் பெயர் நீக்கியாகிவிட்டதா என்று பார்க்காமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

தம்பிக்கு என் மேல் கோபம். "காசு குடுக்க மனசில்லன்னா நேராச் சொல்லுங்கண்ணே" என்றுகூடச் சொல்லிவிட்டான். மனசு இருக்கிறது, பணமும் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த நோட்டில் பத்துப் பெயர் எழுதிக் காட்டட்டும், அன்றைக்கே அனுப்புகிறேன். வண்டி போனால் இன்னொன்று வாங்கலாம். தாத்தாவின் ஏழு ஏக்கர் பேங்குக்குப் போனால் எந்தச் சந்தையிலும் திரும்பக் கிடைக்காது.

டிஸ்கி: நான் எந்த டிராக்டர் கம்பெனிக்கும் ஏஜெண்ட் இல்லை. மேலே போட்ட 8 லட்சம் ஒரு கணக்குக்காகத்தான். உங்கள் விலை, உங்கள் வட்டி, உங்கள் மணி நேரம் போட்டு நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேப்பரும் பேனாவும்தான் செலவு.