தைத்துப் பார்த்தால் உடைகிற கதைகள்

பழைய காலத்து ஐரோப்பிய உடைகளை அந்தக் காலத்து வெட்டிலேயே, பல சமயம் கையாலேயே தைத்து அணிகிற ஒரு கூட்டம் மேலைநாடுகளில் இருக்கிறது. பகலெல்லாம் வேறு வேலை, மாலையில் ஊசியும் நூலும் என்று வாழ்கிறவர்கள். பார்ப்பவர்களுக்கு இது வளர்ந்தவர்களின் மாறுவேடப் போட்டியாகத் தோன்றலாம். இதற்குள் ஓர் ஆய்வுமுறை இருக்கிறது என்பது என் கட்சி. அதற்கு அடித்தளம் போட்டவர் ஜேனட் ஆர்னால்ட். அருங்காட்சியகங்களில் இருந்த உடைகளை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்து, 1964 முதல் 'பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்' என்ற நூல் வரிசையாக வெளியிட்டார். அந்த வரைபடங்களை வைத்துக்கொண்டு தையல் தெரிந்த எவரும் அதே வெட்டை முயன்று பார்க்க வழி பிறந்தது. லண்டன் குளோப் அரங்கில் அந்தக் காலத்துத் துணி, அந்தக் காலத்துத் தையல் என்று உடைகளை உருவாக்கிய ஜென்னி டிரமானி, 'டுவெல்ஃப்த் நைட்' நாடகத்துக்காக 2014இல் டோனி விருது பெற்றார். ஆனால் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. பழங்காலத்தைப் பற்றி நாம் நம்புகிற ஒன்றைப் பொய்யென்று காட்ட அதனால் முடியும். மெய்யென்று நிறுவ முடியாது.

இடையை இறுக்கிக் கட்டும் உள்ளாடையான கார்செட்டை எடுத்துக்கொள்வோம். 1939இல் வந்த 'கான் வித் தி விண்ட்' படத்தில் நாயகி கட்டில் காலைப் பற்றிக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து கயிற்றை இழுத்து இறுக்குவார்கள். 19ஆம் நூற்றாண்டுப் பெண் என்றாலே மூச்சுத் திணறியவள் என்ற எண்ணம் இப்படிப்பட்ட காட்சிகளாலும் வேரூன்றியது. உடம்புக்கு அளவெடுத்து ஒரு கார்செட் தைத்துப் பார்க்கிறவர்களுக்கு வேறு கணக்கு தெரிகிறது. பின்பக்கக் கயிற்றுக்கு நடுவே இடைவெளி விட்டும் அதை அணியலாம். ஆகவே கார்செட்டின் அளவை இடுப்பின் அளவாகக் கொள்ளக் கூடாது. தோளை அகலமாகக் காட்டி, இடுப்புக்குக் கீழே பஞ்சணையும் விரிந்த பாவாடையும் வைத்தால் நடுவில் இருப்பது தானாகவே சிறுத்துத் தெரியும். பாதி வேலையைக் கண்மயக்கே செய்துவிடுகிறது. சலவைத் தொழிலாளிகளும் வீட்டு வேலைக்காரிகளும்கூட இதை அணிந்துதான் குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்தார்கள். இடை சிறுக்க விலா எலும்பை வெட்டி எடுத்தார்கள் என்ற கதைக்கோ ஆதாரமே இல்லை. அறுவை மருத்துவர் லிஸ்டர் தன் கிருமிநாசினி அறுவை முறையை வெளியிட்டதே 1867இல். அதற்கு முன் அழகுக்காக மார்புக்கூட்டைத் திறக்கச் சம்மதிப்பது சாவுக்குச் சம்மதிப்பதுதான்.

"அந்தக் காலத்தில் எல்லாமே நுணுக்கமாக, நிலைத்து நிற்கும்படி தைத்தார்கள்" என்பதும் தைக்க உட்கார்ந்தால் உடைகிற நம்பிக்கை. 18ஆம் நூற்றாண்டில் துணி விலை அதிகம், தையல் கூலி குறைவு. எனவே சட்டை முழுவதும் செவ்வகத் துண்டுகள், அக்குளில் ஒரு சதுரம். வெட்டில் வீணாவது மிகக் குறைவு. அடிக்கடி வெளுக்க வேண்டிய அந்தச் சட்டையில் தையல் பொடியாக, நெருக்கமாக இருக்கும். பட்டுக் கவுனிலோ முதுகுத் துணியை வெட்டாமல் மடிப்பாக மடித்துவிட்டு, பாவாடைப் பகுதியை நீள நீளமான ஓட்டுத் தையலில் இணைத்திருப்பார்கள். இன்றைய தையல்காரர் பார்த்தால் அவசர வேலை என்பார். ஆனால் அது திட்டமிட்ட தளர்வு: ஃபேஷன் மாறும்போது பிரித்து மறுபடி தைப்பதற்காக. நிலைக்க வேண்டியது துணிதான், உடையல்ல.

அந்தத் துணியில் நம் கரைக்கும் பங்குண்டு. படிகாரமும் சாயவேரும் கொண்டு சிவப்பேற்றிய சோழமண்டலச் சீட்டித்துணி ஐரோப்பாவை அப்படி மயக்கியதால், பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடை செய்தது. இங்கிலாந்தும் சட்டம் போட்டுத் தடுத்துப் பார்த்தது. இன்று அத்தகைய கவுனைத் தைக்க முயல்கிறவர் துணி தேடும்போதே, 'ஐரோப்பிய உடை' என்ற பெயருக்குள் எத்தனை ஐரோப்பா இருக்கிறது என்ற கேள்வியில் வந்து முட்டுகிறார்.

அசல் உடைகள் அருங்காட்சியகங்களில் இருக்கும்போது நகல் எதற்கு என்று கேட்கலாம். எஞ்சியவை எல்லாவற்றுக்கும் சரியான மாதிரி ஆகாது என்பதே பதில். கல்யாணப் பட்டு பெட்டியில் தங்கியது. அன்றாட லினன் கந்தலாகிக் காகித ஆலைக்குப் போனது. பெரிய அளவு உடைகளை வெட்டித் திருத்திக்கொள்ள முடிந்தது, சின்னதை முடியவில்லை. அதனால் சின்னவை மிஞ்சின. அக்காலத்தவர் எல்லோருமே குட்டி உருவம் என்ற கதையும் மிஞ்சியது. தவிர, அசலை யாரும் உடுத்திப் பார்க்க விடமாட்டார்கள், விடவும் கூடாது.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இன்றைய உடம்பு, இன்றைய உணவு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அணிகிற சுதந்திரம். இதில் கிடைக்கிற அனுபவம் எப்படிச் சான்றாகும்? நியாயமான கேள்வி. இதனால்தான் எல்லையை முதலிலேயே வகுத்தேன். கார்செட் அணிந்தபடி ஒருவர் வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டால், "யாராலும் வேலை செய்ய முடியாது" என்ற கூற்று அங்கேயே விழுந்துவிடும். அன்றைய பெண் அதை விரும்பினாளா, வேறு வழியின்றிச் சகித்தாளா என்பதற்கு அந்த வாளி பதில் சொல்லாது.

பழைய காலத்துக்கு இது பாராட்டு விழா ஆகிவிடாதா என்பது மூன்றாவது ஆட்சேபம். ஆகிவிடும் அபாயம் உண்மையிலேயே இருக்கிறது. 1861இல் லண்டனில், செயற்கைப் பூக்களுக்கு ஆர்செனிக் கலந்த பச்சைத் தூள் தூவும் வேலை செய்துவந்த மாடில்டா ஷூரர் 19 வயதில் நஞ்சேறி இறந்தாள். இன்று அதே பச்சையை ஆபத்தில்லாத சாயத்தில் கொண்டுவந்துவிடலாம்; நகல் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அவளுடைய சாவு அதில் தெரியாது. ஊசி சொல்லாததை மரண விசாரணைப் பதிவுகளிலும் கணக்கேடுகளிலும்தான் தேட வேண்டும். "நாங்கள் அணிந்து பார்த்தோம், சுகமாகவே இருந்தது, ஆகவே அவர்களுக்கும் அப்படித்தான்" என்று தீர்ப்பெழுதுகிறவர்கள், ஒரு கட்டுக்கதையை உடைத்த கையோடு இன்னொன்றைத் தைத்துவிடுகிறார்கள். இந்தப் பொழுதுபோக்கை ஆய்வாக மதிக்கச் சொல்வதானால், ஆய்வுக்குரிய கட்டுப்பாட்டையும் அதனிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.