கணினிக்குள் இருப்பது தமிழா?

நம் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சிக்கு மாணவர் பொருட்டு யான் எழுதிய உரைக்குறிப்புகளைப் பல்லாண்டுகட்கு முன்பே கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். விண்டோசு 10-க்கான பொதுக்காப்பு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றமையால், வட்டைத் துடைத்துப் புதிய இயங்குதளத்தை நிறுவினேன். கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள் தாறுமாறாய்க் கிடந்தன!

நச்சுநிரல் என்றார் ஒருவர். அன்று. அந்நாளைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. எழுத்துரு அழிந்ததும் உள்ளிருந்தது வெளிப்பட்டது. பிறமொழி கலவாது எழுதினோமென்று செருக்குறும் நம் கோப்புகளில் கணினி காண்பது ஆங்கிலமே! இதற்கு அயலாரைப் பழித்தல் தகாது. ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கோர் அடைவு என வகுத்தவர் நாமே. 1991-இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. 2010-இல் தமிழக அரசும் அதனை ஏற்று ஆணையிட்டது. பின்னரும் பழையதை விட்டோமில்லை, யானும் உட்பட.

பழைய எழுத்துருவை மீண்டும் நிறுவவே தமிழ் தோன்றியது. ஆயின் அது கண்ணுக்கு மட்டுமே தமிழ்; தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. ஆதலின் மாற்றியினால் ஒருங்குறியாக்கினேன். பழைய முறையில் கொம்பு மெய்க்கு முன் நிற்கும்; ஒருங்குறியில் பின் நிற்கும். அவ்விடங்களிற் பிறழ்ந்தவற்றை வரிவரியாய்த் திருத்த மூன்று இரவுகள் சென்றன.

அன்பர்காள்! இயங்குதளத்தை மாற்றுமுன் கோப்புகளோடு அவற்றின் எழுத்துருவையும் தனியே படியெடுத்து வைம்மின். கையெழுத்துப்படி இல்லாத ஏடுகளை முதலில் மாற்றுமின்.