காஞ்சொறியும் இயற்கைதானுங்க!

போன வாரம் சொந்தத்துல ஒரு விசேஷம். பந்தியில சித்திதான் பரிமாறினாங்க. சாம்பார் ஊத்தினதும் கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. பிடிச்சுப் பார்த்தா விரல் நுனியெல்லாம் வெடிச்சு, கோடு கோடா ரத்தம். "உடம்புச் சூடுப்பா. எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னாங்க. இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது."

அந்த 'ஒண்ணும் பண்ணாது' மேலதான் எனக்குக் கோபம். பாட்டி வைத்தியப் பதிவு போட்டுத் தள்ளும் நம் மக்களே, இது உங்களுக்குத்தான்.

இயற்கைன்னா ஒண்ணும் பண்ணாதா? காஞ்சொறிச் செடியைத் தொட்டிருக்கீங்களா? சேராங்கொட்டைப் பால் பட்டு கொப்புளம் வந்தவரைப் பார்த்திருக்கீங்களா? துணியில குறி போட அந்தக் கொட்டையைப் பயன்படுத்தினதால, துணி உடுத்தினவங்களுக்குத் தோல் புண்ணாகி, அதுக்குத் தனிப் பெயரே வச்சிருக்காங்க டாக்டர்கள். ரெண்டும் நூறு சதவீதம் மூலிகை!

தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது. அமில-கார அளவு சுமார் 5. சாதாரண சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். எலுமிச்சைச் சாறு 2 பக்கம். ஒரு நாளைக்கு நாலு தடவை சோப்புத் தண்ணியில ஊறி, எண்ணெய்ப் பசை போய், வெடிச்ச கையில போய் இந்தச் சாற்றைத் தேய்த்தால் என்ன ஆகும்? எரியும். தேய்த்துவிட்டு வெயில்ல நின்னா சிலருக்குக் கொப்புளம் வந்து, கருப்புத் தழும்பு மாசக்கணக்கா நிக்கும்.

பூண்டும் அப்படித்தான். தினம் உரிக்கிறவங்களுக்கு, பூண்டைப் பிடிக்கிற கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனி மட்டும் வெடிக்கும். கத்தி பிடிக்கிற கை பெரும்பாலும் தப்பிச்சிடும். உடம்புச் சூடுன்னா மூணு விரலுக்கு மட்டுமா வரும்?

இன்னொரு பக்கம், 'கெமிக்கல்' என்றாலே அலறுகிறோம். வாசலின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஆனா ஒவ்வாமை வருவது மிக அரிது. 'ஹெர்பல்' லேபிள் ஒட்டின க்ரீமில் இருக்கும் வாசனை எண்ணெய்தான் பலருக்கு அரிப்பைக் கொடுக்குது. லேபிளைப் பார்க்காதீங்க, உள்ளே என்ன இருக்குன்னு பாருங்க.

சித்திக்கு நான் சொன்னது இவ்வளவுதான். உள்ளே பருத்திக் கையுறை, மேலே வினைல் கையுறை. பாத்திரம் தேய்க்கும்போது மோதிரத்தைக் கழட்டிடுங்க, சோப்பு அதுக்கடியில தங்கும். கை கழுவினதும் ஈரம் ஒத்தி வாசலின். மருந்துக்கடைக்காரர் நீட்டுற ட்யூபை வாங்காதீங்க. பலதுல ஸ்டீராய்டு இருக்கும், மாசக்கணக்கா தடவினா தோல் மெலிஞ்சிடும். சரியாகலேன்னா தோல் டாக்டர். எது ஒத்துக்கலேன்னு முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கும் சோதனை இருக்கு.

சித்தி சிரிச்சாங்க. "கையுறை மாட்டிக்கிட்டா, பெரிய இவன்னு சொல்வாங்கடா."

அங்கதான் வாயடைச்சுப் போச்சு. பத்துப் பேர் சாப்பிட்ட பாத்திரத்தை ஒருத்தியே தேய்ச்சா கை வெடிக்கும். அதுக்குப் பேர் சூடு இல்லீங்க. எலுமிச்சம்பழ டிப்ஸ் எழுதற நேரத்துல, ஆம்பளைங்க நாம (என்னையும் சேர்த்துத்தான்) அஞ்சு பாத்திரம் தேய்ச்சா, அதைவிடப் பெரிய கைவைத்தியம் எதுவும் இல்லை.

திட்டறவங்க பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம். பாத்திரம் தேய்ச்சிட்டு வந்து பதில் சொல்றேன் :-)