புதிய தளம்: ஒரு பிரகடனம்

அமெரிக்க விமான நிலையங்களின் தளங்களை அமைப்போரும் காப்போருமாகிய நாம் ஒன்றுகூடி அறிவிக்கிறோம்: எறிந்து மறக்கும் காலம் முடிந்தது, எடுத்து ஆளும் காலம் பிறந்தது.

பழைய ஒழுங்கின் தோல்விக்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. 1983-இல் வர்ஜீனியாவின் வின்செஸ்டர் அருகே டயர்க் குவியல் தீப்பற்றி மாதக்கணக்கில் எரிந்தது. 1990-இல் கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் மற்றொரு குவியல் 17 நாள் எரிந்தது. அதே காலத்தில் ஓடுதளங்கள் வெயிலில் வறண்டன, வெடித்தன, வெடிப்பின் வழியே நீரை உள்வாங்கின. அங்கே ரப்பர் மிகை, இங்கே நெகிழ்வு குறை. பழைய டயரின் ரப்பரை ஓடுதளப் பூச்சில் சேர்த்து இரண்டையும் இணைப்பதே நம் இயக்கம்.

நிலைபேற்றை நாம் போற்றுகிறோம். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தால் ரப்பருக்கு உறுதி தந்தார். அந்த உறுதி குப்பைமேட்டில் சாபம், ஓடுதளத்தில் வரம். வெயிலையும் காற்றையும் தாங்க டயருக்குள் இட்ட கரிப்பொடி, தளத்தின் மூப்பையும் தாமதப்படுத்தும்.

நெகிழ்வை நாம் நம்புகிறோம். சூடான நிலக்கீலில் ரப்பர்த் துகள் எண்ணெய் குடித்து உப்புகிறது. கலவை தடிக்கிறது, விரிசலுக்கு ஈடுகொடுக்கிறது. 1960-களில் பீனிக்ஸ் நகரப் பொறியாளர் சார்ல்ஸ் மெக்டொனால்ட் இதைச் சாலைகளில் நிறுவினார். அந்நகரின் ஸ்கை ஹார்பர் விமான நிலையமும் அதன் தொடக்கக் களங்களுள் ஒன்றாயிற்று.

நஞ்சை நாம் மறுக்கிறோம். நிலக்கரித் தார்ப் பூச்சு எரிபொருள் கசிவைத் தாங்கும். நீர்நிலைக்கோ புற்றுநோய்க் காரணிகளைச் சேர்க்கும். ஆஸ்டின் நகரம் 2006-இல் அதைத் தடைசெய்தது. கசிவைத் தாங்கும் ஆற்றலை நாமும் கோருகிறோம். அதற்கு நஞ்சை விலையாகத் தர மறுக்கிறோம்.

அலட்சியத்தை நாம் மறுக்கிறோம். உதிரும் ஒரு கல் ஜெட் எஞ்சினின் பகை. வழுக்கும் ஒரு பூச்சு தரையிறங்கும் சக்கரத்தின் பகை. பிடிமானம் அளக்கப்படாத தளம் திறக்கப்படலாகாது.

கட்டாயத்தையும் நாம் மறுக்கிறோம். நெடுஞ்சாலைகளில் டயர் ரப்பரைச் சேர்க்க 1991-இல் அமெரிக்கச் சட்டம் பணித்தது. 1995-இல் அப்பணிப்பு நீக்கப்பட்டது. ஆணையால் வந்தது ஆணையால் போயிற்று. தகுதியால் வருவது தங்கும்.

விமான நிலையப் பொறுப்பாளர்களே, உங்கள் அடுத்த மேற்பூச்சு ஒப்பந்தத்தில் பழைய டயருக்கு இடம் கொடுங்கள். ஒரு டாக்ஸிவேயில் தொடங்குங்கள்; அளந்து பாருங்கள்; பின்னர் ஓடுதளத்தை எங்களிடம் ஒப்படையுங்கள்.